டிரம்முக்குள் ஒளிந்த ஜாடி

மரகதத்தின் வீட்டில் ஒரு பீங்கான் ஊறுகாய் ஜாடி இருந்தது. பொழுது சாய்ந்தால் போதும், அதைத் தூக்கி அரிசி டிரம்முக்குள் ஒளித்துவைத்துவிடுவாள். புருஷன் இருளப்பன் குடித்துவிட்டு வந்தால் கையில் கிடைத்ததை விட்டெறிவான். ஜாடியின் ஜோடி அப்படித்தான் உடைந்தது.

"வா தாயி, என் வயிறு எப்பவும் காலிதானே, தாராளமா இரு" என்று டிரம் இடம் கொடுக்கும்.

சாராயக் கடைகளை அரசாங்கம் மூடி ஒரு மாதம் ஆனது. அன்று இருட்டியும் மரகதம் ஜாடியைத் தொடவே இல்லை.

"ஐயோ, என்னை மறந்துட்டா!" என்று அலறியது ஜாடி.

"கடைதான் மூடியாச்சே" என்றது டிரம்.

"மூடினா என்ன? ஓடைப்பக்கம் காய்ச்சுறாங்களாம்!"

இருளப்பன் வந்தான். கால் கழுவிச் சாப்பிட உட்கார்ந்தவன், ஜாடியைப் பார்த்துக் கையை நீட்டினான். ஜாடி கண்ணை இறுக மூடிக்கொண்டது.

"ரெண்டையும் நான் உடைச்சுட்டேன்னுல்ல நெனச்சேன்" என்றான்.

அவன் ஒரு துண்டு எலுமிச்சையை எடுத்துக்கொண்டு, மூடியைச் சத்தமில்லாமல் வைத்தான்.

அப்படியும் ஜாடிக்கு நம்பிக்கை வரவில்லை. "எதுக்கும் எனக்கு ஒரு ஓரமா இடம் வச்சிரு" என்று டிரம்மிடம் தினமும் கெஞ்சியது.

சம்பள நாளன்று இருளப்பன் தோளில் ஒரு மூட்டையோடு வந்தான். மரகதம் டிரம்மின் மூடியைத் திறந்து பிடிக்க, அவன் மளமளவென்று கொட்டினான்.

டிரம் மூச்சுவிட முடியாமல் சொன்னது: "மன்னிச்சுக்க தாயி, இனி இங்க உனக்கு இடமில்லை."