சம்பந்தியின் ஸ்டூல்

முதலில் தப்பு செய்தது சம்பந்திதான். இதில் வெல்டருக்குச் சந்தேகமே கிடையாது.

மகள் கல்யாணத்தில் குரூப் போட்டோ எடுத்தபோது, "கொஞ்சம் தள்ளிக்குங்க" என்றுகூடச் சொல்லாமல் அவருக்கு முன்னால் வந்து நின்றுவிட்டார் சம்பந்தி. தொழில் தையல், ஆள் பனை மரம் மாதிரி. போட்டோவில் பெண்ணைப் பெற்றவரின் இடது காது மட்டும் விழுந்திருந்தது.

எட்டு வருஷம் ஆயிற்று. 'தப்புதான்' என்று ஒரு வார்த்தை வரவில்லை. வெல்டரும் அந்த முகத்தைப் பார்ப்பதில்லை. எதிரில் வந்தால் முதுகைக் காட்டிவிடுவார்.

இப்போது அந்த முதுகுக்குத்தான் ஆபத்து.

ஒரு காய்ச்சல் வந்து போனதில் இடுப்புக்குக் கீழே பலமில்லை. ஆஸ்பத்திரியில் மல்லாந்து கிடந்தார்.

"இப்படியே கிடந்தா புண் வந்துடும் ஐயா. ரெண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை பக்கம் மாத்திப் படுக்கணும்," என்றாள் நர்ஸ்.

"நான் என்ன மூட்டையா, புரட்டறதுக்கு? கையை எடு சிஸ்டர்."

"உங்க கை ரெண்டும் இரும்பு மாதிரிதானே இருக்கு? கட்டில் கம்பியைப் பிடிச்சு நீங்களே திரும்புங்களேன்."

"எப்படிப் படுக்கணும்னு எனக்குத் தெரியும்."

"புண் வந்துட்டா நடைப் பயிற்சி தள்ளிப் போயிடும். நடந்து வீட்டுக்குப் போகணும்கிற எண்ணம் இருக்கா இல்லையா?"

வெல்டர் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார். ராத்திரியில், மருந்து மயக்கத்தில் கிடப்பவரை நர்ஸ்கள் திருப்பிவிட்டார்கள். பகலில் தொட்டால் வார்டே அதிர்ந்தது.

மகளுக்கும் வேலை, மாப்பிள்ளைக்கும் வேலை. பகல் துணைக்கு, கடையைப் பூட்டிக்கொண்டு வந்து உட்கார்ந்தவர் சம்பந்தி.

"உனக்கு வேற ஆளே கிடைக்கலையாம்மா?"

"நீங்க போடற சத்தத்துக்கு வேற யாரும் வர மாட்டேங்கறாங்கப்பா," என்று சொல்லிவிட்டு மகள் பஸ் பிடிக்க ஓடிவிட்டாள்.

சம்பந்தி கட்டிலுக்கு வலது பக்கம் ஸ்டூலைப் போட்டார்.

"சம்பந்தி, கல்யாணத்துக்கு முன்னாடி எங்க வீட்டுக்கு ஒரு இரும்பு கேட்டு அடிச்சுக் குடுத்தீங்களே, ஞாபகம் இருக்கா? அதைச் சாத்தறதுக்கு இன்னிக்கும் ரெண்டு ஆள் வேணும்."

வெல்டருக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கம்பியைப் பிடித்து ஒரே இழுப்பு. இடது பக்கம் திரும்பி முதுகைக் காட்டினார்.

கொஞ்ச நேரம் நிம்மதி. பிறகு பார்த்தால் ஸ்டூல் இடது பக்கம் வந்திருந்தது.

"இங்கதான் காத்து வருது," என்றார் சம்பந்தி. "கல்யாணத்துக்கு ஒரு சட்டை போட்டிருந்தீங்களே, யாரு தைச்சது? தைச்சவனுக்குத் தொப்பைன்னா என்னன்னே தெரியாது போல."

வெல்டர் வலது பக்கம் திரும்பினார்.

தினமும் இதே கூத்து. கேட்டு, சட்டை, குறட்டை, காது என்று ஒன்றையும் அந்த ஆள் விட்டுவைக்கவில்லை.

"சிஸ்டர், அந்த ஆளை உள்ள விடாதீங்க," என்று வெல்டர் சொல்லாத நாளில்லை.

"பார்க்கலாம்," என்பாள் நர்ஸ். பார்த்ததாகத் தெரியவில்லை.

ஒரு நாள் காலை டாக்டர் வந்தார். துணைக்கு இருப்பவர்களை வெளியே அனுப்பினார்கள். குதிகால், இடுப்பு, வால் எலும்பு என்று ஒவ்வொரு இடமாக அழுத்திப் பார்த்தார் டாக்டர்.

"ஒரு சிவப்புகூட இல்லையே! நாளைக்கே நடைப் பயிற்சி ஆரம்பிச்சுடலாம். பகல்ல யாரு இவரைத் திருப்பறது?"

"என்னை எவன் தொடுவான்?" என்றார் வெல்டர் பெருமையாக. டாக்டர் நல்ல மனநிலையில் இருப்பது தெரிந்ததும் பிராதை எடுத்து வைத்தார்.

"அந்த நெட்டை ஆளை மட்டும் தடுத்து நிறுத்துங்க டாக்டர். மனுஷனை ஒரு பக்கமா நிம்மதியாப் படுக்க விடறதில்ல. எட்டு மணிக்கு அந்தப் பக்கம் ஸ்டூலைப் போட்டு வம்பு. சரின்னு இப்படித் திரும்பினா, பத்து மணிக்கு இந்தப் பக்கம் வந்து வம்பு. பன்னெண்டுக்கு அங்க. ரெண்டுக்கு இங்க. நாலு, ஆறு. ஒரு நிமிஷம் முன்ன பின்ன ஆகாது. இருபத்தோரு நாளா..."

சொல்லிக்கொண்டே வந்தவர் நிறுத்திவிட்டார்.

டாக்டர் நர்ஸைப் பார்த்தார். நர்ஸ் ஜன்னலைப் பார்த்தாள்.

"நேரத்தை மட்டும்தான் நான் எழுதிக் குடுத்தேன் டாக்டர். வம்பெல்லாம் அவரோட சொந்த யோசனை."

டாக்டர் அடுத்த கட்டிலுக்குப் போனார். கதவு திறந்தது. சம்பந்தி உள்ளே வந்து ஸ்டூலைத் தூக்கி இடது பக்கம் போட்டார்.

"அந்தப் போட்டோவைப் பெரிசு பண்ணி ஹால்ல மாட்டியிருக்கேன் சம்பந்தி. உங்க காது இப்ப வாசல்லேருந்தே தெரியுது."

வெல்டரின் கை கம்பிக்குப் போனது. ஆனால் திரும்பவில்லை. எட்டு வருஷத்தில் முதல் தடவையாக அந்த முகத்தை நேராகப் பார்த்தார்.

"எல்லாம் சரி. அந்தப் போட்டோவுக்கு நீங்க இன்னும் ஒரு வார்த்தை சொல்லலை."

சம்பந்தி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். பத்து தாண்டி ஐந்து நிமிஷம்.

"அதைச் சொல்லிட்டா, அப்புறம் நீங்க எதுக்கு சம்பந்தி திரும்பப் போறீங்க?"