பன்னிரண்டு மணிக் குண்டு

மயிலாப்பூர் வீட்டுக் கூடத்தில் முக்காலி மேல் நின்று, சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடிக் கதவைத் திறந்து வைத்திருக்கிறாள் ரத்னா. ஜன்னல் கம்பிகளின் நிழல் அவள் வெள்ளைப் புடவையில் கோடு கோடாக விழுகிறது. மணி பன்னிரண்டு என்று ஊருக்கு அறிவிக்கக் கோட்டையில் பீரங்கிக் குண்டு போடும் சத்தத்துக்காகக் காத்திருக்கிறாள். நேற்றும் அந்தச் சத்தத்தை வைத்துத்தான் முள்ளைத் திருத்தினாள். ஒரு நாளில் எவ்வளவு பின்தங்குகிறது என்று தெரிந்தால், ஊசலின் அடியிலுள்ள திருகை அதற்குத் தக்கபடி முடுக்கிவிடலாம். முந்தாநாள் காலை இந்தக் கடிகாரம் அரை மணி பின்தங்கியிருந்ததால்தான் தஞ்சாவூர் ரயில் தவறிப்போயிற்று. புருஷன் போன பிறகு படித்து வாங்கிய உபாத்தியாயினி வேலை அங்கே காத்திருக்கிறது.

"என் தப்புதான் அண்ணா. ஒழுங்கா பார்த்திருக்கணும்."

அண்ணன் பஞ்சாட்சரம் முக்காலியைப் பிடித்திருக்கிறார். அன்று விடியுமுன் முள்ளைப் பின்னுக்குத் தள்ளியது அவர் விரல். அவர் மனைவி இறந்ததிலிருந்து இரண்டு குழந்தைகளும் அத்தையின் முந்தானையை விடுவதில்லை. போகாதே என்று தங்கையிடம் கேட்க அவருக்கு வாய் வரவில்லை.

குண்டு அதிர்கிறது. இரண்டு முள்ளும் பன்னிரண்டில் ஒட்டி நிற்கின்றன. திருகை நோக்கிப் போன ரத்னாவின் கை பாதியில் நிற்கிறது.

"சரியாத்தானே ஓடுது!" என்கிறாள். பிறகு மெல்லத் திரும்பி அண்ணனைப் பார்க்கிறாள். அவர் தரையைப் பார்க்கிறார். கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டு இறங்குகிறாள்.

"நாளைக்கு நீங்களே என்னை ஸ்டேஷன்ல கொண்டுவந்து விடுங்க" என்கிறாள். "குழந்தைங்ககிட்டயும் நீங்களே சொல்லிடுங்க."