முறுக்கு மாலை

1967. செஞ்சிக் கடைத்தெரு.

"ரெட்டைச் சர முறுக்கு மாலை ரெடியா பாய்?" என்று கேட்டாள் ஜானகி.

மணி கோக்கும் ஜான் பாஷா தயங்கினார். "எம் பொண்ணுங்க ரெண்டும் அதுக்குச் சண்ட போட்டுச்சுங்கம்மா. பிரிச்சு ஆளுக்கொரு சரம் குடுத்துட்டேன்."

"நாளைக்கு வேணுமே பாய்."

அவர் இரண்டு முழு மாலைகளை எடுத்து வைத்தார். "சிவப்புக்கு எதிர்ல பச்சை, நீலத்துக்கு எதிர்ல மஞ்சள்னு நீங்கதான சொன்னீங்க. அதுங்ககிட்ட சரத்தத் திரும்ப வாங்கி, அந்தக் கணக்குல ரெண்டுக்கும் ஜோடி கோத்துட்டேன். ஒன்னு உங்க கழுத்துக்கு, ஒன்னு பொண்ணுங்களுக்கு."

ஜானகி சிரித்தாள். "கழுத்துக்கில்ல பாய், ஹைஸ்கூல்ல பாடம் நடத்த. நம்ம உடம்புக்குள்ள டி.என்.ஏ.ன்னு ஒன்னு இப்படித்தான் முறுக்கிக்கிட்டு இருக்குது. அது பிரிஞ்சு, ஒவ்வொரு சரமும் புது ஜோடி சேத்துக்கிட்டு ரெண்டாகறத எப்படிக் காட்டறதுன்னு தவிச்சேன். நீங்களே பண்ணிட்டீங்க. ரெண்டையும் குடுங்க."

"எடுத்துக்குங்க டீச்சரம்மா. பாடம் முடிஞ்சதும் கொண்டாங்க, நாலாக்கிடறேன். இங்க சண்ட இன்னும் ஓயல."