அனுமதி கிடைத்த நாள்

அனுமதியில்லாமல் கூடினால் ஓசூரில் ஒரு வழக்கம் உண்டு. காலையில் கைது செய்து வேனில் ஏற்றுவார்கள். கல்யாண மண்டபத்தில் உட்காரவைத்து மதியம் எலுமிச்சை சாதம் கொடுப்பார்கள். சாயங்காலம் விட்டுவிடுவார்கள்.

சுகுணாவின் கணவன் மணிவேல் கம்பெனியில் பிரஸ் மிஷினில் சிக்கி இறந்துபோனான். கம்பெனி மேல் வழக்குப் பதியச் சொல்லிக் கூடிய தொழிற்சங்கத்தார் முதன்முறை கைதானபோது அவளும் போனாள். மண்டபத்து ஜமக்காளத்தில் மணிவேல் உட்கார்ந்திருந்தான்.

"ஹரிணி ஸ்கூலுக்குப் போறாளா?" என்று கேட்டான்.

"போறா. நீங்க சாப்பிடுங்க" என்று தன் பொட்டலத்தைப் பிரித்து வைத்தாள்.

கதவு திறந்ததும் எல்லோரும் எழுந்தார்கள். அவன் எழவில்லை. அடுத்த கைதிலும் அங்கே இருந்தான். அதற்கடுத்ததிலும் இருந்தான். வேறெங்கும் வரவில்லை, கனவில்கூட.

இந்த முறை நீதிமன்றம் அனுமதி தந்துவிட்டது. கயிறு கட்டிய இடத்துக்குள் நின்று கோஷம் போடலாம். சங்கத் தலைவர் சிவராஜ் எல்லோருக்கும் லட்டு கொடுத்தார்.

சுகுணா பெண் போலீஸிடம் போய் நின்றாள். "அக்கா, என்னைய மட்டுமாவது கைது பண்ணுங்கக்கா."

"எதுக்கும்மா? அதான் பர்மிஷன் இருக்குதே. போயி நெழல்ல நில்லு."

சுகுணா நடுரோட்டில் போய் உட்கார்ந்தாள். பெங்களூர் லாரிகள் நின்றன.

"நம்ம சுகுணாவுக்கு இருக்கிற தைரியம் எவனுக்கு இருக்குது!" என்றார் சிவராஜ் மைக்கில். கூட்டம் கைதட்டியது. பெண் போலீஸ் அவளை மெதுவாகத் தூக்கிக் கயிற்றுக்குள் கொண்டுவந்து விட்டாள்.

வேன் ஆளில்லாமல் கிளம்பியது. கைதாகிறவர்கள் கையாட்டுவது போல, அதன் கம்பி ஜன்னலில் ஒரு கை அவளை நோக்கி அசைந்துகொண்டே போனது.