கைப்பிடி அரிசி

உலை வைக்கும்போதெல்லாம் சபைக்கென்று ஒரு பிடி அரிசியைத் தகரடப்பாவில் எடுத்துவைப்பது ஞானப்பூவின் வழக்கம். மகனை அடக்கம்பண்ணி ஆறு நாளாகிறது. வேதத்தைத் திறந்தால் எழுத்து வெறும் எழுத்தாகவே கிடந்தது. ஜெபத்தில் அழுகை வரவில்லை. "ஒம்மமேல கோவங்கூட வரமாட்டேங்குது, ஆண்டவரே," என்று சொல்லிக்கொண்டே வேளை தவறாமல் மூட்டையிலிருந்து ஒரு பிடி அள்ளி டப்பாவில் போட்டாள்.

சனிக்கிழமை காணிக்கை அரிசி வாங்க வந்த உபதேசியார் மனைவி டப்பாவைத் தூக்கிப் பார்த்தாள்.

"கொறையவே இல்லியேக்கா! வேளாவேளைக்குப் பொங்கிச் சாப்பிடுதிய. இப்பந்தான் எனக்கு நிம்மதி."

"ஸ்தோத்திரம்," என்றாள் ஞானப்பூ, அடுக்களை வாசலை மறைத்து நின்றபடி. உள்ளே, அடக்கத்தன்று கவிழ்த்த சோற்றுப்பானையை அவள் இன்னும் நிமிர்த்தவில்லை.