சிவப்பு தெரியாத பெட்டி

"சிவப்புச் சட்டை போட்டுக்கிட்டு வந்தேன். படத்துல கறுப்பா இருக்கே, யாரு வீட்டு எழவுக்கு?"

"எங்க படப்பெட்டிக்குச் சிவப்பு தெரியாது. கறுப்பாத்தான் விழும். நீலத்தைக் கண்டா மட்டும் வெள்ளையாக்கிடும்."

"கண்ணு தெரியாத பெட்டிக்கா உங்க அப்பா ஒரு வெள்ளி கூலி வாங்குறாரு?"

இரண்டு வருடங்களுக்கு முன்னால், பிரிக்பீல்ட்ஸில் அப்பாவின் படக்கடையில் நடந்த பேச்சு அது. அய்யாவு கேட்டதும் தான் சொன்னதுமாக ஒரு சொல்லைக்கூடப் புஷ்பவல்லி மறக்கவில்லை.

அதற்குப் பிறகு அய்யாவு எத்தனையோ சாக்குகளில் வந்துபோனான். பக்கத்துப் பட்டறையில் கார்களுக்குப் பெயின்ட் அடிப்பவன். ஒவ்வொரு தடவையும் எதையோ கேட்க வாயைத் திறப்பான். அப்பாவைப் பார்ப்பான். "மழை வரும்போல இருக்கு ஐயா" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவான்.

வெள்ளிக்கிழமை காஜாங்கிலிருந்து அவளைப் பெண் பார்க்க வருகிறார்கள். அது அவனுக்கும் தெரியும்.

இன்று புதன். இன்றும் அவன் கடை வாசலில் நின்ற காரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான்.

பார்க்காமல் இருக்க முடியாத கார்தான். இரண்டே பேர் உட்காரலாம். கூரை இல்லை. மழையில் நனைந்த செம்பருத்தியின் சிவப்பு. தெருவில் பால்காரர் சைக்கிளை நிறுத்திவிட்டார். ரயில்வே குவார்ட்டர்ஸ் பெண்கள் இடுப்புக் குடத்தை இறக்கி வைக்கவும் மறந்து நின்றார்கள்.

டாக்டர் கார்த்திகேசுவுக்கு அந்தக் கார் உயிர். போன வாரம் ஒரு மாட்டுவண்டி உரசி, கதவில் ஒரு சாண் நீளத்துக்குக் கீறிவிட்டது. மனிதர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லையாம். யாழ்ப்பாணத்தில் இருக்கும் அம்மாவுக்குக் காரின் படத்தை அனுப்ப வேண்டும், நாளைக்குக் கப்பல்.

அய்யாவு மூன்று நாள் பட்டறைக் கதவைச் சாத்திக்கொண்டு அந்தக் கீறலைச் சரிசெய்திருந்தான்.

டாக்டர் கதவை விரலால் தடவினார். குனிந்து பார்த்தார். கண்ணாடியைக் கழற்றிவிட்டும் பார்த்தார்.

"எங்கேயப்பா கீறல்?"

புஷ்பவல்லியும் பார்த்தாள். எங்கும் ஒரே சிவப்பு. அவள் முகம்தான் அதில் தெரிந்தது.

அய்யாவுவின் கட்டைவிரல் நகத்தில் மட்டும் கொஞ்சம் நீலம் ஒட்டியிருந்தது. துணிக்குப் போடுகிற நீலம். சிவப்புக் காருக்கு இது எதற்கு என்று அவள் நினைத்தாள், கேட்கவில்லை.

அப்பா பக்கிரிசாமி கறுப்புத் துணிக்குள் தலையை விட்டார். தெருவே மூச்சைப் பிடித்தது. மூடி திறந்து மூடியது.

கழுவுவதும் திருத்துவதும் எப்போதும் புஷ்பவல்லியின் வேலை. அப்பாவுக்குக் கிட்டப் பார்வை போய்ப் பல வருடமாகிறது.

இருட்டறையில், சிவப்பு விளக்கின் அடியில், கண்ணாடித் தட்டு மருந்தில் மிதந்தது. வானம் முதலில் வந்தது. பிறகு தெருவின் மரங்கள். சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் வந்தது. காரின் உடம்பு மட்டும் வெறும் கண்ணாடியாகத் தெளிந்து கிடந்தது. தட்டில் எல்லாம் தலைகீழ்: படத்தில் கறுப்பாக விழுவது இதில் தெளிந்து நிற்கும், வெளுப்பது கருக்கும்.

கதவில் ஏதோ கருத்தது.

கீறல்தான் வருகிறது என்று நினைத்தாள். டாக்டர் பார்த்தால் அய்யாவுவுக்கு அந்தப் பட்டறையில் வேலை இருக்காது.

தட்டு காயும்வரை காத்திருந்து, உருப்பெருக்கியை அதன் மேல் வைத்தாள்.

கீறல் இல்லை. எழுத்துகள். இடம் வலம் மாறி நின்றன. தட்டைத் திருப்பினாள்.

*கேட்கட்டுமா?*

கதவில் எந்தக் கண்ணுக்கும் தெரியாதது. சிவப்பு தெரியாத பெட்டிக்கு மட்டும் தெரிய எழுதியது. இந்த ஊரில் அதை முதலில் படிக்கப்போவது யார் என்று தெரிந்தே எழுதியது.

மூன்று நாள் கதவைச் சாத்திக்கொண்டு, சிவப்புக்குள் நீலத்தைக் குழைத்துக் குழைத்து...

அவள் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டாள். எத்தனையோ முகங்கள் இந்த மருந்தில் எழுந்து வந்ததைப் பார்த்திருக்கிறாள். ஒரு குரல் எழுந்து வந்ததை இப்போதுதான் பார்க்கிறாள்.

"ஆச்சா புள்ள? டாக்டர் காத்துக்கிட்டு இருக்காரு லா!"

சுரண்டும் கத்தியை எடுத்தாள். அவளுக்கு என்று ஒருவர் எழுதிய முதல் எழுத்து. இதை அப்படியே விட்டால் டாக்டர் பார்த்துவிடுவார், அவன் வேலை போய்விடும்.

கடைசி எழுத்திலிருந்து தொடங்கினாள். மா போயிற்று. டு போயிற்று. கே மட்டும் இருந்தபோது இன்னொரு முறை பார்த்துக்கொண்டாள்.

வெளியே டாக்டர் தட்டை வெளிச்சத்தில் பிடித்தார். "அம்மா நம்பவே மாட்டா" என்றார்.

அய்யாவு அவர் தோளுக்கு மேலாக எட்டி, கதவு இருந்த இடத்தைத் தேடினான். அங்கே ஒன்றும் இல்லை.

அவன் முகம் வாடிவிட்டது. பெட்டிக்கு அதுவும் தெரியவில்லை என்று நினைத்திருப்பான். அல்லது, அதைப் படித்துப் பார்த்த அவளுக்குப் பிடிக்கவில்லை என்று.

வாசலைப் பார்த்தான்.

"மழை வரும்போல இருக்கு ஐயா..."

"கேளுங்க" என்றாள் புஷ்பவல்லி.

அப்பா திரும்பினார். டாக்டரும் திரும்பினார்.

"என்னத்தம்மா கேக்கச் சொல்ற?"

அவள் விரல் நுனியில் ஒட்டியிருந்த கரிய தூளை முந்தானையில் துடைத்தாள். அய்யாவு அந்தத் தூளைப் பார்த்தான். கழுவிய தட்டைப் பார்த்தான். அப்புறம்தான் அவளைப் பார்த்தான். அவ்வளவு நேரம் தெரு மொத்தமும் அந்தக் காரைப் பார்த்ததுபோல.

"மாமா" என்றான், இரண்டு வருடமாக ஐயா என்று கூப்பிட்ட மனிதரிடம். "பொண்ணை எனக்குக் குடுங்க."