மூன்று பேருக்கு மேல் இடமில்லை

சக்கரம், பூஜ்யம், பத்ரிநாராயணனின் சிப் பெட்டி. மனித குலம் இதுவரை கண்டுபிடித்ததில் உருப்படியானவை இந்த மூன்றுதான்.

சொன்னவன் பத்ரிநாராயணனேதான். மாட்டுங்கா வீட்டில், ரசம் சாதத்தின் முன்னால் உட்கார்ந்து, கோர்ட்டில் சாட்சி சொல்கிற முகத்தோடு சொன்னான். இன்ஜினியரிங் மூன்றாம் வருஷம். பணிவு என்பது கடைசி செமஸ்டரில்தான் வரும் போல.

சிப் என்றால் வறுத்துத் தின்கிற சமாசாரம் இல்லை. போனில் ஒரு பெயரை அடித்துக் கமா போட்டால், அது சட்டென்று மாத்திரை மாதிரி உருண்ட ஒரு கூட்டுக்குள் போய் உட்கார்ந்துகொள்ளும். அதற்குப் பெயர்தான் சிப்.

அமாவாசைக்கு அமாவாசை வாத்தியார் ஜூமில் தர்ப்பண மந்திரம் சொல்லுவார். சயானிலும் செம்பூரிலும் ஆபீஸ் கிளம்பும் அவசரத்தில் இருநூறு பேர் எள்ளும் தண்ணீரும் விடுவார்கள். காலமான அப்பா, தாத்தா, கொள்ளுத்தாத்தா என்று பெயர் சொல்ல வேண்டிய இடம் வந்ததும் முக்கால்வாசிப் பேர் முழிப்பார்கள்.

அதற்குத்தான் பத்ரியின் ஆப். முதல் நாளே மூன்று பெயரையும் போட்டு அனுப்பிவிட்டால், மறுநாள் மந்திரம் அவரவர் பெயர்களோடு திரையில் ஓடும்.

மூன்றுக்கு மேல் பெட்டி ஏற்காது. வீட்டில் அப்பா தவறிப்போனால், அவர் வைத்துவிட்டுப் போன ஃபாரத்தை மகன் திறந்து, அவர் பெயரை முதலில் சேர்க்க வேண்டும். வரிசையின் கடைசியில் இருக்கும் கிழவர் மெல்ல வலது ஓரம் நகர்ந்து, மங்கி, மறைந்துபோவார். முந்நூறு மில்லிசெகண்ட்.

"சாவுக்கு இவ்வளவு ஸ்மூத்தா அனிமேஷன் வேற எவனாவது பண்ணியிருக்கானா, சொல்லு," என்று தங்கை ஹரிதாவைக் கேட்டான்.

ஆப்பை முதலில் சோதித்துப் பார்த்தவர் அப்பா வேங்கடசுப்ரமணியன். தாத்தா பெயரைப் பேரனுக்கு வைக்கிற குடும்பம் அது. வேங்கடசுப்ரமணியனும் பத்ரிநாராயணனும் தலைமுறைக்கு ஒருவராக மாறி மாறி வந்துகொண்டே இருப்பார்கள். ஒரே பெயர் இரண்டாம் தடவை வந்தால் தள்ளிவிடுவதோ சிப் பெட்டிகளின் உலக வழக்கம்.

"என் கொள்ளுத்தாத்தாவை உன் ஆப் வாசல்லயே நிறுத்திடுத்தேடா," என்றார் அப்பா.

அன்று மத்தியானமே பத்ரி உலக வழக்கத்தை மாற்றினான்.

போன அமாவாசைக்கு முதல் நாள் செம்பூர் ஸ்தாணுநாதன் மாமாவின் ஃபாரம் வந்தது. அவர் அப்பா காலமாகி ஒரு மாதம்கூட ஆகவில்லை.

"மனுஷன் அப்பா பேரைச் சேர்க்கவே இல்லை! அவர் வெச்சுட்டுப்போன மூணு பேரையும் அப்படியே தட்டி விட்டிருக்கார். நாளைக்குத் தாத்தாவைப் பார்த்து அப்பாங்கப் போறார். அதாவது, தன் அப்பாவுக்கே தம்பி ஆயிட்டார். அரே, ரிடையர் ஆன ஆபீசர், ஒரு பேர் அடிக்க வரலை!" என்றான் பத்ரி.

ஹரிதா சிரித்தாள். அம்மா ருக்கு சிரித்தாள். அப்பாவுக்கு மோர் புரையேறிவிட்டது. தலையில் தட்டிக்கொண்டே, "தம்பியா, தம்பியா," என்றார்.

உடனே மாமாவைப் போனில் பிடித்தான். முதலில் அப்பா பெயர், அப்புறம் ஒரு கமா, அவ்வளவுதான் மாமா என்று குழந்தைக்குச் சொல்வதுபோல் சொன்னான். அந்தப் பக்கம் ரொம்ப நேரம் சத்தமே இல்லை. நெட்வொர்க் கோளாறு என்று நினைத்து, பெயரைக் கேட்டுத் தானே அடித்துவிட்டான். இரண்டு விநாடி வேலை.

இன்று மறுபடியும் அமாவாசைக்கு முதல் நாள். சாயங்காலம் ஆறு மணிக்குப் பட்டியல் மூடிக்கொள்ளும். எந்தக் கொம்பனுக்கும் விலக்கு கிடையாது என்று எழுதியவன் பத்ரிதான்.

மணி ஐந்து ஐம்பது. இருநூற்றுப் பன்னிரண்டு வீடுகளில் இருநூற்றுப் பதினொன்று வந்தாயிற்று.

"போட்டுட்டியாடா?" அம்மாவின் குரல் சமையலறையிலிருந்து வந்தது. இன்று இது மூன்றாவது தடவை.

"போடறேம்மா."

அவன் மொட்டைத் தலையில் இரண்டு வார முடி முளைத்திருந்தது. அப்பா போய் இருபத்துநான்கு நாள். காரியம் நடந்த நாட்களில் வாத்தியார் சொல்லச் சொல்ல அவன் திருப்பிச் சொன்னான். அந்த வேகத்தில் அப்பாவின் பெயரும் வாயைக் கடந்து போய்விட்டது. இப்போது எடுத்துக்கொடுக்க ஆள் இல்லை.

ஃபாரத்தைத் திறந்தான். மூன்று பெயர்கள், அப்பா உட்கார்த்தி வைத்த அதே வரிசையில். அவற்றுக்கு முன்னால் கர்சர் மினுக்கிக்கொண்டிருந்தது.

'வே' என்று அடித்தான். மீதிப் பெயரை விசைப்பலகை தானாகவே நீட்டியது. தொட்டால் போதும்.

அழித்தான்.

ஹரிதா எப்போது பின்னால் வந்து நின்றாளோ தெரியவில்லை.

"நான் அடிக்கட்டுமா அண்ணா?"

வேண்டாம் என்று தலையசைத்தான். அவள் போகவில்லை. அவன் திரும்பிப் பார்க்கவும் இல்லை.

ஐந்து ஐம்பத்தெட்டு.

எதையும் சேர்க்காமல் 'அனுப்பு' என்பதைத் தொட்டான்.

பெட்டி ஒரு கேள்வியும் கேட்கவில்லை. அதற்கு மூன்று பெயர் இருந்தால் சரி.

வாத்தியாரின் பட்டியலில் இருநூற்றுப் பன்னிரண்டாவது வரி ஏறியது. போன அமாவாசைக்கு அப்பா அனுப்பியதற்கும் அதற்கும் ஓர் எழுத்துகூட வித்தியாசம் இல்லை.